ஸ்பீடு கேஸ்: கட்டுவதா, எதிர்ப்பதா?

கம்பம் பள்ளத்தாக்கில் வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டு மாநிலத்துச் சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள். கூடலூர் தாண்டி லோயர்கேம்ப் மலைப்பாதையில் ஏறினால் குமுளி. கம்பம்மெட்டில் ஏறினால் நெடுங்கண்டம், வண்டன்மேடு. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் மூணாறு. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப், திராட்சையும் காய்கறியும் ஏற்றும் பிக்கப், கார்த்திகை பிறந்தால் சாமிமாரை ஏற்றும் வேன் எல்லாமே எல்லை தாண்டித்தான் பிழைக்கின்றன. அபராதச் செய்தியும் இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. இங்கே தமிழ்நாடு போலீஸின் இ-சலான். அங்கே கேரள மோட்டார் வாகனத் துறையின் கேமராக்கள். 2023 ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கத் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மட்டும் 726 கேமராக்கள். வேகம் அளப்பவை அவற்றில் எட்டுதான். மற்றவை பெரும்பாலும் ஹெல்மெட், சீட் பெல்ட், செல்போன் பார்ப்பவை.

செல்போனில் செய்தி விழுந்ததும் ஊரில் இரண்டு யோசனை கிடைக்கும். "ஆயிரம் ரூவாதானண்ணே, கட்டிட்டு வேலையப் பாருங்க" என்பார் ஒருவர். "கேரளாக்காரன் கம்பத்துக்கு வந்தா புடிக்கப் போறான், கெடக்கட்டும்" என்பார் இன்னொருவர். லண்டனிலோ டொரன்டோவிலோ பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் மூன்றாவதாக ஒரு பயமும் சேர்ந்துகொள்கிறது: "ஸ்பீடு கேஸ் விழுந்தா இன்சூரன்ஸ் ஏறிடுமாமே?"

முதல் யோசனை பாதி சரி. இரண்டாவது ஆபத்தானது. மூன்றாவது பயம் இன்றைய இந்தியாவுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் சுற்றுவழியில் பொருந்தும். அந்தச் சுற்றுவழியைத்தான் நம் டிரைவர்கள் பலரும் அறியாமல் இருக்கிறார்கள்.

ஆயிரம் ரூபாயோடு முடிகிற கேஸா?

வேக வரம்பை மீறுவது மோட்டார் வாகனச் சட்டம் 183-ஆம் பிரிவின் கீழ் குற்றம். 2019-இல் திருத்திய சட்டப்படி கார், பைக் போன்ற இலகு ரக வாகனத்துக்கு 1,000 ரூபாயிலிருந்து 2,000 வரை அபராதம். நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 வரை. தமிழ்நாட்டில் திருத்திய அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன.

தொகை பெரிதில்லை. விஷயம் லைசென்ஸில் இருக்கிறது. இரண்டாம் முறை அதே குற்றம் செய்தால் லைசென்ஸைக் கைப்பற்ற வேண்டும் என்று 183-ஆம் பிரிவே சொல்கிறது. கைப்பற்றிய லைசென்ஸ் தற்காலிகத் தடைக்காகவோ ரத்துக்காகவோ ஆர்.டி.ஓ.வுக்குப் போகும். போலீஸ் கொடுக்கும் ரசீதைக் காட்டி வண்டி ஓட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். லைசென்ஸ் கைக்குத் திரும்பும்வரை அந்த ரசீது ஓட்டுவதற்கான அனுமதி ஆகாது என்று 206-ஆம் பிரிவு தெளிவாகவே எழுதியிருக்கிறது.

லைசென்ஸ் மீதான கெடுபிடி கூடியதற்குப் பின்னால் கோவைக்காரர் ஒருவர் இருக்கிறார். கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்தில் நசுங்கி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில் 2014-இல் அமைந்த நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் குழு, அதிவேகம் உள்ளிட்ட குற்றங்களுக்குக் குறைந்தது 3 மாதம் லைசென்ஸைத் தடை செய்யுங்கள் என்று 2015-இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. நெடுஞ்சாலைகளில் மின்னணுக் கண்காணிப்பை நடைமுறைப்படுத்துங்கள் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களை நெருக்கியதும் இதே வழக்கில்தான். கேமராக்கள் இனிக் கூடுமே தவிரக் குறையாது.

கேமரா சொன்னாலும் கேள்வி கேட்கலாம்

கேமரா வந்ததால் குடிமகனின் உரிமை போய்விடவில்லை. சொல்லப்போனால் சட்டம் இந்த இடத்தில் ஓட்டுநருக்கு நல்ல காவலாகவே நிற்கிறது.

183-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவைக் கவனியுங்கள். ஒரே ஒரு சாட்சி 'இவர் வேகமாகத்தான் வந்தார் என்று எனக்குத் தோன்றியது' என்று சொன்னால், அதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. கருவி கொண்டு அளந்த அளவு வேண்டும். சின்னமனூர் பைபாஸில் ஓரமாக நின்ற காவலர் கண்மதிப்பில் "எம்புட்டு வேகம்டா" என்று கேட்டுக் கேஸ் எழுதினால், கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: எந்தக் கருவியில் எத்தனை கிலோமீட்டர் காட்டியது? சண்டை பிடிக்க வேண்டாம். மரியாதையாகக் கேளுங்கள். சலானில் அந்த எண்ணிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதுவே உங்கள் கையில் உள்ள பலமான வாதம்.

கேமரா போட்ட கேஸுக்கு 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்ந்த 167ஏ விதி இருக்கிறது. கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கண்காணிப்பு நடக்கிறது என்று சாலையில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். நோட்டீஸில் குற்றத்தையும் நம்பர் பிளேட்டையும் காட்டும் படம், கருவி அளந்த அளவு, தேதி, நேரம், இடம், மீறிய சட்டப்பிரிவு எல்லாம் இருக்க வேண்டும். மின்னணு ஆதாரத்துக்கான சான்றும் உடன் வர வேண்டும். சம்பவம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். வழக்கு முடியும்வரை பதிவை அழிக்கக் கூடாது.

இதோடு 2025 ஜூலை 1 முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. மளிகைக் கடைத் தராசுக்கு முத்திரை ஆய்வாளர் முத்திரை வைப்பதுபோல, வேகம் அளக்கும் ரேடார் கருவியையும் சரிபார்த்து முத்திரையிட்ட பிறகே பயன்படுத்த வேண்டும் என்று எடையளவு விதிகள் சொல்கின்றன. முத்திரை உண்டா, எந்தத் தேதி வரை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனு போட்டுக் கேட்கலாம்.

வேக வரம்புப் பலகையும் அதே அளவு முக்கியம். பொதுப் பாதுகாப்புக்காக ஒரு குறிப்பிட்ட சாலையில் வேகத்தைக் குறைத்து வரம்பு வைக்கும்போது, அதைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்பது 112-ஆம் பிரிவு. உங்கள் மீது கேஸ் விழுந்த இடத்தில் பலகை இல்லை, அல்லது புளியமரக் கிளை மறைத்திருக்கிறது என்றால், அன்றைக்கே தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். ஒரு மாதம் கழித்துப் போய் எடுத்த படத்துக்கு அந்த வலு இருக்காது.

வரம்பே கூடக் கேள்விக்கு அப்பாற்பட்டதில்லை. 2023 ஜூனில் சென்னையில் பகலில் 40 கி.மீ., இரவில் 50 என்று வரம்பு அறிவித்து ரேடார் வைத்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுத்திவைத்து, நவம்பரில் கார்களுக்கு 60, பைக்குகளுக்கு 50, குடியிருப்புத் தெருக்களில் 30 என மாற்றினார்கள். எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. மணிக்கு 120 கி.மீ. வரை வரம்பை உயர்த்திய 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கையை 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு வந்தது, விபத்தில் 90 சதவீதம் ஊனமுற்ற ஒரு பெண் பல் மருத்துவரின் இழப்பீட்டு வழக்கில்.

எதிர்ப்பது எப்படி?

முதல் வேலை, செய்தி உண்மையானதா என்று பார்ப்பது. வாட்ஸ்ஆப்பில் 'சலான்' என்ற பெயரில் வரும் செயலிக் கோப்பைத் தொட்டால் வங்கிக் கணக்குக் காலியாகும். போலீஸ் எவருக்கும் செயலி அனுப்பி அபராதம் வசூலிப்பதில்லை. பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போய், வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடியாத எதிலும் பணம் கட்டாதீர்கள்.

அடுத்து, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். படத்தில் இருப்பது உங்கள் வண்டிதானா? டிஎன் 60 என்று தொடங்கும் எண்ணில் 8-ஐ 3 என்று இயந்திரம் படிக்கலாம். உங்களுடையது சிவப்பு ஸ்கூட்டர்; படத்தில் கறுப்பு பைக். அன்றைக்கு உங்கள் வண்டி உத்தமபாளையத்தில் ஒர்க் ஷாப்பில் நின்றது, சலான் திண்டுக்கல்லில். இப்படிப்பட்டவற்றுக்குக் கோர்ட்டு வரைகூடப் போகத் தேவையில்லை. இ-சலான் தளத்திலேயே புகார் பதியும் வசதி உண்டு. ஆர்.சி. நகல், வண்டியின் படம், ஒர்க் ஷாப் பில், சுங்கச்சாவடி ஃபாஸ்டேக் பதிவு, இவற்றில் எது இருந்தாலும் இணையுங்கள். உங்கள் எண்ணைப் போலி பிளேட்டில் வேறொருவர் மாட்டித் திரிவது தெரிந்தால், காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குவது கட்டாயம். நாளை அந்த வண்டி ஆளை அடித்துவிட்டுப் போனால் உங்கள் வீட்டு வாசலில்தான் போலீஸ் நிற்கும்.

புகாரில் தீராவிட்டால் கோர்ட்டு. பணம் கட்டிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். கட்டிவிட்டு எதிர்க்க முடியாது. இணையவழி மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கில் இரண்டு வழி தெரியும்: அபராதத்தைக் கட்டுவது, அல்லது எதிர்ப்பதாகப் பதிவது. எதிர்ப்பதாகப் பதிந்தால் சம்பவ இடத்துக்குரிய கோர்ட்டுக்கு வழக்கு போகும். தேனி, பெரியகுளம், ஆண்டிபட்டி, போடி, உத்தமபாளையம் என நம் மாவட்டத்தில் எங்கே நடந்ததோ அங்குள்ள குற்றவியல் நடுவர் மன்றம். கேரளத்து கேஸ் என்றால் கேரளத்துக் கோர்ட்டு. கெடு பற்றிய விதிகள் அடிக்கடி மாறிவருகின்றன. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் சொன்ன கணக்கை நம்பாமல், உங்கள் நோட்டீஸில் அச்சிட்டிருக்கும் கெடுவைப் பாருங்கள்.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் வருமானம் பார்க்காமலே இலவச உதவி பெறலாம்.

இதெல்லாம் 1,000 ரூபாய்க்குத் தகுமா? நேர்மையாகச் சொன்னால், பல நேரம் தகாது. தினக்கூலிக்காரர் இரண்டு வாய்தாவுக்குப் போனாலே அபராதத்தைவிட அதிகம் இழப்பார். வேகமாகத்தான் போனீர்கள் என்றால் கட்டிவிடுங்கள்; அதுதான் நியாயமும்கூட. ஆனால் வண்டியே உங்களுடையது இல்லை என்றாலோ, இது இரண்டாவது கேஸாகி லைசென்ஸுக்கு வேட்டு வைக்கும் என்றாலோ, டிரைவர் வேலைதான் சோறு போடுகிறது என்றாலோ, எதிர்க்காமல் விடக் கூடாது. லைசென்ஸைத் தடை செய்யும் முன் ஆர்.டி.ஓ. உங்கள் தரப்பைக் கேட்டே ஆக வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. அந்த நோட்டீஸுக்குப் பதில் எழுதாமல் இருப்பதுதான் நம் ஆட்கள் செய்யும் பெரிய தவறு. தடை உத்தரவு வந்தாலும் 30 நாளுக்குள் மேல்முறையீடு உண்டு.

ஏலத்தோட்ட ஜீப் டிரைவர்களுக்கு ஒரு வார்த்தை. விடியும் முன் பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிற வண்டிக்கு, 'இத்தனை மணிக்குத் தோட்டத்தில் ஆள் நிற்க வேண்டும்' என்ற கட்டளைதான் ஆக்சிலேட்டர். அந்த நேரத்துக்குள் வரம்பை மீறாமல் போய்ச்சேர முடியாது என்று கோர்ட்டு கருதினால், அந்தக் கட்டளையே அதைக் கொடுத்தவர்மேல் முதல்நிலை ஆதாரமாகும் என்று 183-ஆம் பிரிவு சொல்கிறது. வேலைக்கு வைத்த ஆளை வேகமாக ஓட்டவைக்கும் முதலாளியும் அதே அபராதத்துக்கு உரியவர். தோட்ட முதலாளிகளும் டிராவல்ஸ் நடத்துகிறவர்களும் மினி பஸ் உரிமையாளர்களும் இந்தப் பிரிவைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

இன்சூரன்ஸ் ஏறுமா?

பிரிட்டனில் வேகக் குற்றத்துக்கு லைசென்ஸில் புள்ளி விழும், பிரீமியம் எகிறும். கனடாவிலும் போலீஸ் பிடித்துப் போட்ட வேக வழக்குத் தீர்ப்பானால் சில ஆண்டுகளுக்குப் பிரீமியத்தில் அது தெரியும். அங்கே வழக்கை எதிர்ப்பதே பெரும்பாலும் இன்சூரன்ஸுக்குப் பயந்துதான்.

நம் நாட்டில் தேர்டு பார்ட்டி பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் வந்த கட்டணப்படி 75-க்கு மேல் 150 சிசி வரையுள்ள பைக்குக்கு 714 ரூபாய். 1,000 சிசி வரையுள்ள காருக்கு 2,094. 1,500 வரை 3,416. உங்கள் மேல் பத்து ஸ்பீடு கேஸ் இருந்தாலும் ஒன்றும் இல்லாவிட்டாலும் இதே தொகைதான். வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் தரும் நோ கிளைம் போனஸும், பெயரே சொல்வதுபோல, கிளைம் செய்தால்தான் போகும், சலானால் போகாது.

குற்றத்தையும் பிரீமியத்தையும் முடிச்சுப் போடும் யோசனை இல்லாமல் இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் அமைத்த குழு 2021 ஜனவரியில் வரைவு அறிக்கை தந்தது. குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தவறான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளி என்று கணக்கு வைத்து, அதற்கேற்பத் தனிப் பிரீமியம் வாங்கலாம் என்பது யோசனை. கேஸ்களைத் தேங்கவிடாமல் இன்றே தீர்த்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது அந்தச் சுற்றுவழிக்கு வருவோம். லைசென்ஸ் தடையில் இருக்கும்போது ஓட்டி விபத்து நடந்தால், பாலிசி நிபந்தனையை மீறியதாக இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. உங்கள் வண்டிச் சேதத்துக்குக் காசு வராது. அடிபட்டவருக்குக் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று 2004-இல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழியில் எத்தனையோ தீர்ப்புகள் வந்திருக்கின்றன. உயிரிழப்பு என்றால் தொகை பல லட்சம். கட்டாத ஆயிரமும் பதில் எழுதாத ஒரு நோட்டீஸும் சேர்ந்து தோட்டத்தையே விற்கவைக்கும் இடம் இதுதான். வண்டிச் சொந்தக்காரருக்கான 15 லட்ச ரூபாய் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடும் செல்லத்தக்க லைசென்ஸ் இருந்தால்தான் கிடைக்கும்.

வேகத்துக்கு நேரடியான விலையும் உண்டு. 2014-இல் கர்நாடகத்தில் கண்மண் தெரியாமல் கார் ஓட்டிக் கவிழ்ந்து இறந்தவரின் குடும்பம் 80 லட்சம் இழப்பீடு கேட்டது. தன் தவறாலேயே இறந்தவருக்காகக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

போனஸ் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். கிளைம் இல்லாத ஆண்டுகளுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறும். வண்டிச் சேதப் பிரீமியம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீதத் தள்ளுபடியில் நீங்கள் கட்டுவது 5,000. ஒரு கிளைம் போட்டால் அடுத்த ஆண்டு 10,000, பிறகு 8,000, 7,500, 6,500, 5,500 என்று இறங்கி, மறுபடி 5,000-க்கு வருவதற்குள் மொத்தம் 12,500 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். பம்பரில் 7,000 ரூபாய்க் கீறலுக்குக் கிளைம் போடுவது நஷ்டம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் அந்தப் போனஸ் போய்விடும். போனஸ் வண்டிக்கு அல்ல, ஆளுக்கு. பழைய வண்டியை விற்றுப் புதிது வாங்கும்போது மறக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி, "கேரளாக்காரன் வந்தா புடிக்கப் போறான்" என்பதற்குப் பதில். இரு மாநில வண்டிகளும் 'வாகன்' என்ற ஒரே தேசியப் பதிவேட்டில் இருக்கின்றன. கட்டாத சலான் அங்கே தெரியும். எஃப்.சி.க்கோ பெயர் மாற்றத்துக்கோ தேனி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிற்கும் நாளில் அது குறுக்கே வரும்.

செகண்ட் ஹேண்டு பைக் வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட்டுகிறவர்கள் நம் பக்கம் ஏராளம். சலான் பழைய சொந்தக்காரரின் செல்போனுக்குப் போகும். உங்களுக்குத் தெரியும்போது கெடு தாண்டியிருக்கும்.

மலைப்பாதை மன்னிக்காது

எதிர்க்கும் வழியை இவ்வளவு சொன்னது, தவறான கேஸால் ஒருவர் பிழைப்பு கெடக் கூடாது என்பதற்காக. வேகத்துக்கு வக்காலத்து வாங்க அல்ல. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 71 சதவீதத்துக்கு மேல் அதிவேக விபத்துகளில் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை கணக்கிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 23 இரவு, சபரிமலை போய்த் திரும்பிய ஆண்டிபட்டிப் பக்தர்களின் கார் குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். திண்டுக்கல் - குமுளி சாலையில் பைபாஸ்கள் வந்தபின் வண்டிகள் ஊருக்குள் நுழையாமல் பறக்கின்றன. ஆனால் அந்தப் பைபாஸைக் குறுக்கே கடந்துதான் பலர் வயலுக்குப் போக வேண்டியிருக்கிறது.

அதனால் இரண்டு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பிரிவில் வேக வரம்புப் பலகை இல்லையென்றால், திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க் கூட்டத்தில் படத்தோடு மனுக் கொடுங்கள். பலகை வைத்துவிட்டுக் கேஸ் போடுங்கள் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. இன்று இரவே உங்கள் வண்டி எண்ணைப் பரிவாகன் தளத்தில் போட்டு, கட்டாத சலான் உண்டா, ஆர்.சி.யில் இருப்பது உங்கள் செல்போன் எண்தானா, இன்சூரன்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்ற மூன்றையும் பார்த்துவிடுங்கள்.